‘ஆம்’ விகுதியும் பிள்ளைகளின் புத்தகங்களும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா என்று நாற்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தமிழில் அவர்கள் எதை எழுதுகிறார்கள் என்று கேட்டது குறைவு. கேட்டிருந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்போம். ஒக்லண்டில் வளரும் பத்து வயதுப் பிள்ளை சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறது. பசு ஒரு வீட்டு மிருகம். அதற்கு நான்கு கால்கள். அது பால் தரும். சாணம் வயலுக்குப் பசளையாகும். எல்லாம் சரி. ஆனால் இது மனிதரைவிட மாடுகள் அதிகமான நாடு. நகரத்தைத் தாண்டித் தெற்கே காரில் போனால் இரண்டு பக்கமும் மாடுகள்தான். காதில் இலக்கம் பொறித்த துண்டு, பாலேற்ற வரும் தாங்கி லொறி, மழையில் நனைந்தபடி நிற்கும் மந்தை, இவை எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை கண்டிருக்கிறது. கட்டுரையில் இவற்றில் ஒன்றுமே இல்லை. அதிலுள்ளது யாழ்ப்பாணத்துப் பசுவும் அல்ல. யாரும் ஒருபோதும் பார்த்திராத, கட்டுரைகளுக்குள் மட்டும் மேய்கிற பசு.

இதே பிள்ளை கிழமை நாட்களில் தனது ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் புத்தகம் எழுதுகிறது. கட்டுரை அல்ல, புத்தகம். தாளை மடித்து, நடுவில் கம்பி குத்தி, மட்டை போட்டு, மட்டையில் தன் பெயரை எழுதி, உள்ளே பொருளடக்கம், தலைப்புகள், பெயர் குறித்த படங்கள், கடைசிப் பக்கத்தில் சொல்லடைவு. தெருவோர வடிகாலைப் பற்றி, அப்பா ஓட்டுகிற பார ஊர்தியைப் பற்றி, பல் விழுவதைப் பற்றி. கதையல்ல; உண்மை விடயம். இப்படியான புத்தகங்களுக்கு எம்மிடம் ஒரு நல்ல பெயர்கூட இல்லை. ‘புனைவல்லாத எழுத்து’ என்கிறோம். இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பது எனக்கு உவப்பானதல்ல. ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பேசும்போது ‘உண்மைப் புத்தகம்’ என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு அது விளங்கியது. பெரியவர்களுக்குத்தான் அந்தப் பெயர் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் இருப்பது மனுரேவாவில். ஒக்லண்டின் தெற்குப் பகுதி. மாஓரிகளும் சமோவா, ரொங்கா போன்ற தீவுகளிலிருந்து வந்தவர்களும் பெருமளவில் வாழும் இடம். நகரத்தவர்கள் இதன் பெயரைச் சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்துவார்கள். 1987இன் இரண்டு இராணுவச் சதிகளுக்குப் பின்னர் பீஜியிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் தெற்கு ஒக்லண்டில் நிறைய. அவர்களுள் ஒரு பகுதியினரின் முன்னோர் 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் ஊடாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தென்னிந்தியர்கள். முனிசாமி, நாயக்கர் என்று குடும்பப் பெயர் இருக்கும், தமிழ் தெரியாது. பிறகு நாங்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள். ‘மனு’ என்றால் மாஓரி மொழியில் பறவை, பட்டம் இரண்டும். ‘ரேவா’ மிதப்பது. தமாபாஹோரே என்பவனுடைய, நூல் அறுந்து மிதந்துபோன பட்டத்தின் பெயரால் இவ்விடம் அழைக்கப்படுகிறது என்பது மரபுக் கதை. அகதிகளுக்கு உவமானமாக்க வசதியான பெயர்தான். எமது கவிஞர்கள் கையில் அகப்படவேண்டாம் என்று வேண்டிக்கொண்டு மேலே செல்கிறேன்.

பிள்ளைகளைக்கொண்டு புத்தகம் எழுதுவிக்கும் முறை இந்த நாட்டுக்கு நேற்று வந்ததல்ல. அமெரிக்கரான டொனால்ட் கிரேவ்ஸ் 1983இல் வெளியிட்ட புத்தகமும் அவரது வழி வந்தவர்களும் எண்பதுகளில் அதற்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தார்கள் என்பது மெய். பிள்ளை தனக்குத் தெரிந்ததைத் தானே தெரிவுசெய்யும், வரைவு எழுதும், ஆசிரியரோடு இருந்து கதைக்கும், திருத்தும், வெளியிடும். ஆனால் அதற்கு முன்னரே இங்கே இரண்டு பேர் இருந்தார்கள். சில்வியா அஷ்ரன்-வார்னர், எல்வின் றிச்சர்ட்சன். இருவரும் நாட்டுப்புறத்துச் சிறிய பள்ளிக்கூடங்களில், பெருமளவில் மாஓரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்கள். இருவரது புத்தகங்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தன: ‘ரீச்சர்’ 1963இல் நியூயோர்க்கில், ‘இன் தி ஏர்லி வேர்ல்ட்’ 1964இல் இங்கேயே. முன்னது உலகப் புகழ் பெற்றது. பின்னதை ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களே அதிகம் அறிவார்கள். எமக்கு உதவக்கூடியது பின்னதுதான் என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் சில்வியா. பிள்ளைக்கு முதலில் வாசிக்கக் கொடுக்கவேண்டிய சொல் பிள்ளையின் உள்ளிருந்தே வரவேண்டும் என்றார். அன்று பள்ளிகளில் இருந்தவை ஜனற், ஜோன் என்ற இரண்டு இங்கிலாந்துப் பிள்ளைகளைப் பற்றிய வாசிப்புப் புத்தகங்கள். நல்ல உடுப்பு, நல்ல தோட்டம், எவருக்கும் எந்தப் பயமும் இல்லை. சில்வியா அவற்றை ஒதுக்கிவைத்தார். காலையில் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். பிள்ளை சொன்னதைத் தடித்த அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளைக்கு நினைவில் நிற்காத சொல்லின் அட்டையைக் கிழித்தெறிவார். அது அவனது சொல் அல்ல. பேய், முத்தம், அம்மா, பயம் போன்ற சொற்கள் ஒருமுறை பார்த்ததும் நின்றுவிடும். பின்னர் பிள்ளைகள் தாமே எழுதியதை ஒருவருக்கொருவர் வாசிப்பார்கள். அதுவே வகுப்பின் வாசிப்புப் புத்தகம்.

இதை வாசிக்கும்போது எமக்கு உடனே எமது பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். பங்கர், ஷெல், ஹெலி, சென்றி என்ற சொற்களோடு வந்த தலைமுறை ஒன்று எம்மிடம் இருந்தது. அந்தச் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுக்க எவரும் இருக்கவில்லை. எமது பாடப்புத்தகங்கள் அவர்களுக்கு அணிலையும் ஆடையும் ஊஞ்சலையும் கொடுத்தன. அந்த அளவில் சில்வியாவுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

ஆனால் அவருடைய கோட்பாட்டின் அடியில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். பிள்ளையின் மனத்தை அவர் எரிமலையாகக் காண்கிறார். அதற்கு இரண்டு வாய்கள்: அழிவு ஒன்று, ஆக்கம் மற்றது. ஆக்கத்தின் வாயை அகலத் திறந்தால் அழிவின் வாய் தானே வற்றிவிடும். அழகான உருவகம்தான். ஆனால் அந்த எரிமலை எப்போதும் மாஓரிப் பிள்ளையின் எரிமலையாகவே இருக்கிறது. மாஓரிப் பிள்ளை கொதிப்பானது, முரடானது, உணர்ச்சிமயமானது. வெள்ளை ஆசிரியை அதன் வெப்பத்தை எழுத்தாக வடித்தெடுக்கிறார். பிள்ளைகளின் நிலம் எங்கே போனது, வீட்டில் அவர்கள் பேசும் மொழி பள்ளியில் ஏன் இல்லை என்ற கேள்விகளுக்கு அந்த உருவகத்தில் இடமில்லை. பிள்ளை தன்னை வெளிப்படுத்துகிறது. உலகத்தை விசாரிப்பதில்லை. இன்னொன்று. லின்லி ஹூட் 1988இல் எழுதிய சில்வியாவின் வாழ்க்கை வரலாறு, அவர் தன்னைப் பற்றிச் சொல்லிவந்த பலவற்றுக்கும் ஆவணங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டிற்று. பிள்ளைகளிடம் உள்ளத்து உண்மையைக் கேட்டவர் தன் விடயத்தில் புனைவுக்கே சாய்ந்திருந்தார். இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, அவர் நாவலாசிரியரும்தான். ஆனால் உள்ளத்து உண்மை வேறு, நடந்த உண்மை வேறு. ஒன்றைப் படிப்பித்தால் மற்றது தானாக வந்துவிடும் என்பதற்கு அவரே எதிர்ச்சாட்சி.

றிச்சர்ட்சன் வேறு மாதிரி. நாட்டின் வடகோடியில் ஓருஆய்தி என்ற சிறிய பள்ளிக்கூடத்தில் 1949 முதல் 1962 வரை படிப்பித்தார். சிப்பி, நத்தை ஓடுகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்டவர். கல்வித் திணைக்களம் பாடத்திட்டத்தைத் தள்ளிவைத்துப் பரீட்சார்த்தமாக நடத்த அவருக்கு இடம் கொடுத்தது. பிள்ளைகள் பக்கத்திலுள்ள களிமண்ணைத் தோண்டினார்கள், சூளை வைத்துச் சுட்டார்கள், எந்த மண் வெடித்தது எது வெடிக்கவில்லை என்று குறித்தார்கள். புல்லையும் பூச்சியையும் நெடுநேரம் பார்த்தார்கள். பார்த்ததை எழுதினார்கள். எழுதியதைச் சேர்ந்திருந்து விமர்சித்து, தமது சஞ்சிகையில் எது வரவேண்டும் என்று தீர்மானித்தார்கள். இங்கேதான் விடயம் இருக்கிறது. ‘நல்லாயிருக்கு’ என்ற பாராட்டு போதாது. நீ உண்மையில் பார்த்தாயா, அல்லது கேட்டுப் பழகிய சொல்லைப் போட்டுவிட்டாயா என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்கலாம். அந்த வகுப்பில் எமது பசு ஒரு நாள்கூட நின்றிருக்காது.

பாரிஸில் இருக்கும் வாசகர்கள் செலஸ்ரின் ஃபிறெனேயின் பெயரைத் தமது பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் வழியாகவேனும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1924இல் தென் பிரான்சின் ஒரு கிராமத்துப் பள்ளியில் அச்சு யந்திரம் வாங்கிவைத்துப் பிள்ளைகளை எழுத்துக் கோக்கவைத்தவர். 1932இல் அவரது இயக்கம் தொடங்கிய சிறு நூல் வரிசை வண்டிகள், அப்பம், விளக்கு போன்ற விடயங்களைப் பிள்ளைகளுக்காக, அவர்களது வகுப்பு வேலையிலிருந்தே தொகுத்தது. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், லொறென்சோ மிலானி என்ற பாதிரியாரிடம் படித்த எட்டுப் பையன்கள் 1967இல் ஓர் ஆசிரியைக்குக் கடிதம் என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். ஏழைகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் எப்படிப் பரீட்சையில் விழுத்தித் துரத்துகிறது என்பதை, தாங்களே திரட்டிய எண்ணிக்கைகளோடு. அவர்களது வேலை முறை எளிது. ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம். தோன்றியதை ஒரு துண்டுக் கடதாசியில் ஒன்றாக எழுதுவது. துண்டுகளை மேசையில் பரப்பி, இரட்டிப்பானதை எறிந்து, இனம் இனமாக அடுக்கி, அடுக்கை அத்தியாயமாக்கி, பிறகு கத்தரிக்கோல். இதைச் செய்ய ஒரு மேசையும் பொறுமையும் போதும். கொம்பியூட்டர் தேவையில்லை.

இனி எமது வீட்டுக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை வகுப்பில், எந்த வகுப்பு என்பது முக்கியமல்ல, பிள்ளைகளைக்கொண்டு தமிழில் இப்படி எட்டுப் பக்கப் புத்தகம் எழுதுவித்துப் பார்க்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. விதிகள் மூன்று. விடயம் உனக்குத் தெரிந்ததாக அல்லது வீட்டில் ஒருவரிடம் கேட்டறியக்கூடியதாக இருக்கவேண்டும். ஐந்து கேள்விகள் எழுதிக்கொண்டு போய் ஆளிடம் கேட்கவேண்டும். கைத்தொலைபேசியில் தேடக்கூடாது. சொல்லடைவு கட்டாயம். அந்தக் கடைசி விதியால் வந்த நன்மையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அரிச்சுவடியை எத்தனையோ முறை பாடி ஒப்புவித்த பிள்ளைகள், ‘கருவாடு’ முன்னுக்கா ‘குழம்பு’ முன்னுக்கா என்று முதல்தடவையாகச் சண்டை பிடித்தார்கள். அகரவரிசை எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு பெண்பிள்ளை தன் அம்மம்மாவைப் பற்றி எழுதினாள். தலைப்புகளில் ஒன்று, அம்மம்மா இடம்பெயர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது அம்மம்மாவும் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்திருக்கிறா. பிள்ளை கேட்டபடியே எழுதியிருந்தாள்: மழை பெய்ததாம், சனம் நெருக்கினதாம், அம்மம்மா ஒரு பானையைக் கொண்டு போனவவாம், பானைக்குள் என்ன இருந்தது என்று இப்ப அவவுக்கு நினைவில்லையாம். அந்தப் பக்கத்தைப் பார்த்த மற்றொரு ஆசிரியர், நல்ல மனிதர், தமிழ் இலக்கணத்தில் வல்லவர், சிவப்புப் பேனையை எடுத்தார். ‘ஆம்’ எல்லாம் போயின. மழை பெய்தது. மக்கள் நெருக்கினர். அம்மம்மா ஒரு பானையைக் கொண்டு சென்றார். பானையின் உள்ளே இருந்தது நினைவில்லை என்ற வசனம் முழுவதும் போயிற்று; கட்டுரைக்குத் தேவையில்லையாம்.

அவரோடு நான் வாதிட்டது பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற பழைய வழக்குக்காக அல்ல. பிள்ளை செந்தமிழ் படிக்கட்டும். ‘கொண்டு சென்றாராம்’ என்று எழுதட்டும். போகக்கூடாதது ‘ஆம்’. இந்த ஒற்றை விகுதி என்ன செய்கிறது என்று பாருங்கள். நான் கண்டதல்ல, கேட்டது என்று அது சொல்லுகிறது. சொன்ன ஆளை நம்பவில்லை என்று சொல்லவில்லை. பொறுப்பை அவரிடத்திலேயே வைத்து, கதையை இங்கே கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனி வசனம் வேண்டும்; எமக்கு வினையின் வாலில் ஓரெழுத்து நீட்சி போதும். பள்ளிக்கூடத்தில் இந்நாட்டு ஆசிரியர்கள் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியைப் பிள்ளையின் மனதில் பதிக்கப் பல வருடம் பாடுபடுகிறார்கள். எமது பிள்ளை மூன்று வயதில், அம்மா வரட்டாம் என்று சொல்லும்போதே அதைப் பழகிவிடுகிறது. தொல்காப்பியர்கூடத் தனக்கு முன்னிருந்தவர்களின் கூற்றை ‘என்ப’, ‘என்மனார்’ என்று அவர்கள் மேல் வைத்தே சொல்லிப் போகிறார். நாம் அதை மரியாதையான தமிழ் அல்ல என்று வெட்டுகிறோம்.

வெட்டுவது வெறும் இலக்கண அபிமானத்தினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மேடைத் தமிழுக்கு ‘ஆம்’ ஒத்துவராது. மேடையில் எல்லாம் நேரே கண்டதுபோலச் சொல்லப்படவேண்டும். கல் தோன்றிய காலத்துப் பெருமை முதல் நேற்றைய தியாகம் வரை, எல்லாமே பேச்சாளரின் கண்முன்னே நடந்தவை. பத்து வயதுப் பிள்ளையின் வாயில் அந்த வசனங்களைத் திணிக்கும்போது, தமிழோடு சேர்த்து, காணாததைக் கண்டதாகச் சொல்வதையும் பழக்குகிறோம்.

உதாரணத்துக்கு எங்கேயும் போகவேண்டாம். நியூசிலாந்துத் தமிழர்களுக்கென்றே ஒரு மணி இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற மிசனறி 1836ஆம் ஆண்டளவில் வங்காரேயை அண்டிய ஒரு மாஓரிக் கிராமத்தில் உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக ஒரு வெண்கலத் துண்டைக் கண்டார். மணியொன்றின் மேற்பகுதி. புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்ததாக அவரிடம் சொன்னார்கள். விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்து. அது இன்று வெலிங்ரன் தெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இங்கே நடக்கும் விழா எதிலும் இந்த மணி ஒலிக்காமல் இராது. ஐரோப்பியருக்கு முன்னரே தமிழன் இந்நாட்டைக் கண்டான் என்று ஒரு பிள்ளையாவது முழங்கும், நாம் கைதட்டுவோம்.

ஒரு பையன் இந்த மணியைப் பற்றிப் புத்தகம் எழுத விரும்பினான். சரி, ஐந்து கேள்வி எழுது என்றேன். மணியில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனது முதல் கேள்வி. நேரான, சிறுபிள்ளைத்தனமான, மிகச் சரியான கேள்வி. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்றே அது வாசிக்கப்படுகிறது. பையன் திகைத்துப்போனான். இது முஸ்லிம் ஆளின் பெயர் எல்லோ என்றான். ஆம், தமிழ் எழுதிய முஸ்லிம் கப்பற்காரர். மேடைகளில் அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை. ‘தமிழன்’ என்றுதான் கேட்டிருக்கிறான். அப்படியானால் முஸ்லிம்கள் தமிழரா என்பது அவனது இரண்டாவது கேள்வியாயிற்று. அதை வீட்டில் கேட்டிருக்கிறான். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றியதையும், யாழ்ப்பாண நகரத்தில் அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் கொடுத்ததையும் வீட்டில் இருந்த ஒருவர் தன் கண்ணால் கண்டிருக்கிறார். ஒரு மணியில் தொடங்கிய புத்தகம் அங்கே போய் நின்றது. அடுத்த சனிக்கிழமை தகப்பன் வந்து, பண்பாகவே, வேறு விடயம் கொடுக்கமுடியுமா என்று கேட்டார்.

இந்தப் பையனின் புத்தகத்தில் நான் கண்ட மிகச் சிறந்த பக்கம் இதற்கு முந்தியது. மணி எப்படி நியூசிலாந்துக்கு வந்தது என்று தலைப்பிட்டு, அவன் மூன்று வசனம் எழுதியிருந்தான். தமிழ்க் கப்பல் வந்து உடைந்திருக்கலாமாம். வேறு நாட்டுக் கப்பல் கொண்டுவந்திருக்கலாமாம். ஆட்கள் இல்லாமல் மிதந்து வந்த கப்பலாகவும் இருக்கலாமாம். மூன்றில் எது என்று ஒருவரும் நிரூபிக்கவில்லை. மணியைப் பற்றி எமது மலர்களில் வந்த கட்டுரைகள் பலவற்றைவிட இந்தப் பக்கம் மேலானது. எழுதியவனுக்கு வயது பதினொன்று.

தகப்பன்மாரின் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. உண்மையில் நடந்ததை எழுதியதற்காக ஆட்கள் கொல்லப்பட்ட சமூகம் எம்முடையது. ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரிஸில் தன் வீட்டில் வைத்துச் சுடப்பட்டார். இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அதைவிட அன்றாடமான பயம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி எழுத்தில் எவரும் பேசுவதில்லை. எமது சமூகம் புகலிடத்தில் அதிகம் எழுதிய உண்மைப் புத்தகம் எது? நாவல் அல்ல, கவிதை அல்ல. ‘கேஸ்’. அகதி விண்ணப்பத்தோடு கொடுத்த வாக்குமூலம். ஆயிரக்கணக்கான பேர் அதை எழுதினோம், எழுதுவித்தோம், மொழிபெயர்த்தோம். எந்தத் திகதி, எந்த முகாம், எத்தனை நாள் என்று அதிகாரிக்கு வேண்டிய உருவத்தில். உண்மையாகவே பட்ட துன்பம்கூட அந்த உருவத்தில் அடங்காவிட்டால் நிராகரிக்கப்படும் என்றபடியால், உருவத்துக்கேற்ப உண்மை வெட்டப்பட்டது, சிலவேளை ஒட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்தது எனக்கு நடந்ததாயிற்று. கேஸில் ‘ஆம்’ போட இடமில்லை. போட்டால் அது கேள்விப்பட்ட கதையாகிவிடும். அப்படி ஒரு பத்திரத்தின் மேல் நிற்கிற வீட்டில், பிள்ளை கொப்பியும் பென்சிலுமாக வந்து, நீங்கள் எந்த ஆண்டு, எந்த வழியால் வந்தனீங்கள் என்று கேட்டால், தகப்பன் என்ன செய்வார்? தேத்தண்ணி குடித்துக்கொண்டே, போய்ப் படி என்பார்.

ஆகவே இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. 2023 முதல் நியூசிலாந்தின் சொந்த வரலாற்றைப் படிப்பிப்பது பத்தாம் ஆண்டு வரை கட்டாயமாக்கப்பட்டது. நல்ல காரியம். எழுபதுகளில் தீவு மக்களின் வீடுகளுக்குள் விடியற்காலையில் பொலிஸ் புகுந்ததற்கு அரசாங்கம் 2021இல் மன்னிப்புக் கேட்டபின்னர், மனுரேவாப் பிள்ளைகளும் தமது பாட்டன்மாரைக் கேட்டு அதைப் பற்றி எழுதலாம். ஆனால் ‘உன் குடும்பம் இங்கே வந்த கதையை எழுதி வா’ என்று சிரித்த முகத்தோடு வீட்டுவேலை கொடுக்கும் ஆசிரியைக்கு, அது எல்லா வீட்டிலும் ஒரே கனமுள்ள கேள்வி அல்ல என்பது தெரிவதில்லை. பீஜித் தமிழ்ப் பிள்ளைக்கு அது ஒரு வெற்றுத்தாள். பாட்டனின் பாட்டன் எந்த ஊரில் கப்பலேறினான் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்ல ஆளிருக்கிறது, ஆள் சொல்லாது. உண்மைப் புத்தகம் எழுதப் படிப்பிப்பவர் எதை எழுதாமல் விடலாம் என்பதையும் படிப்பிக்கவேண்டும். ‘அப்பா இதைச் சொல்ல விரும்பவில்லை’ என்பதும் ஓர் உண்மை வசனம்தான். பிள்ளை அதை எழுதலாம், அல்லது அந்தத் தலைப்பையே எடுத்துவிடலாம். பொய்யால் அதை நிரப்பத் தேவையில்லை.

இன்றைக்கு அப்படி நிரப்புவது மிகவும் சுலபம். வலிகாமத்து இடப்பெயர்வைப் பற்றி எட்டுப் பக்கம் தா என்று யந்திரத்திடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பிழையில்லாத தமிழில் வந்துவிடும். அதில் மழை பெய்யும், மக்கள் நெருக்குவர். உள்ளே என்ன இருந்தது என்று மறந்துபோன அந்தப் பானை இராது.

வகுப்பு இப்போது நடப்பதில்லை. ஆசிரியர்கள் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் உயர்பள்ளிக்குப் போய்விட்டார்கள். புத்தகங்களில் பதினாறு என்னிடம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆமை, ரொட்டி, அம்மம்மா, பஸ் பாதை, மணி. மணிப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் கிழித்தெடுக்கப்பட்டிருக்கிறது. கிழித்தது யார் என்று நான் கேட்கவில்லை. இதை வாசித்துவிட்டு வேறு நாடுகளில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். நியூசிலாந்தின் சட்டப்படி இங்கே வெளியிடப்படும் புத்தகங்களின் பிரதி தேசிய நூலகத்துக்குக் கொடுக்கப்படவேண்டும். நூறு பிரதிக்குக் குறைவாக வெளியிட்டால் ஒரு பிரதி போதும். புத்தகத்துக்கான சர்வதேச இலக்கத்தையும் அந்நூலகமே இலவசமாகத் தருகிறது. பதினொரு வயதுக்காரன் எழுதியதா, தமிழில் எழுதியதா என்று எவரும் கேட்கமாட்டார்கள். இருபது பிரதி நகலெடுத்துக் கம்பி குத்தினால் போதும், ஒன்று வெலிங்ரனுக்குப் போகும். உங்கள் நாட்டிலும் ஏறக்குறைய இப்படியொரு சட்டம் இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.